திருஷ்டிப் பொட்டை அழித்தவள்

2014 இல் திருத்தங்கலில் ஒரு ஸ்டுடியோவின் மாடியறையில் உட்கார்ந்து படம் திருத்திக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளம் கிடையாது. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கல்யாண ஆல்பங்கள் ஆண்களுக்குப் போகும், குழந்தைப் படங்கள் எனக்கு வரும். "பிள்ளைக முகம் பொம்பளப் பிள்ள கைக்குத்தான் வசப்படும்" என்பார் முதலாளி. ஆல்பத்துக்குக் கூலி அதிகம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் ஒரு காதுகுத்துப் படம் வந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம். தாய்மாமன் மடி. அழுது ஓய்ந்த கண்கள். இடது கன்னத்தில் மையால் பெரிதாக வைத்த திருஷ்டிப் பொட்டு. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு குழந்தையின் முழங்காலைப் பிடித்திருந்தது. அது அம்மாவின் கை. அவர் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். விரல் நுனிகளில் வெடித்தாளின் சாயம் சிவப்பாக ஏறியிருந்தது.

"பிள்ளைய மட்டும் தனியா வெட்டிப் பெருசாப் போட்டுக் குடு பாப்பா. என் கைய எடுத்துரு, சாயம் ஒட்டிக்கிடக்கு. அப்படியே கொஞ்சம் வெளுப்பா, நைசா பண்ணிரு" என்றார்.

சரி என்றேன். கையை எடுத்தேன். தோலை மழுப்பினேன். நிறத்தை ஏற்றினேன். கடைசியாக முகத்திலிருந்த கொசுக்கடித் தழும்பு, மூக்கோரத்து ஈரம், புருவத்துக்கு மேலே இருந்த ஒரு கீறல் எல்லாவற்றையும் துடைத்தேன். பழக்கத்தில் ஓடிய கை. இருபது நிமிடத்தில் படம் முடிந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அவர் வந்தார். படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொட்டு எங்க?"

முகத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளியெல்லாம் குறை என்றே என் கைக்குப் பழகியிருந்தது. கண் படாமல் இருக்க ஒரு தாய் வேண்டுமென்றே வைத்த குறையையும் அது துடைத்துவிட்டது.

"இருங்கக்கா, கொண்டாந்துர்றேன்" என்று மூலப் படத்திலிருந்து பொட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். வெளுத்த கன்னத்தில் அது ஈ வந்து உட்கார்ந்தது போல இருந்தது. பொட்டின் ஓரத்தை மழுப்பினேன். அப்போதும் ஒட்டவில்லை. வேறு வழியில்லாமல் கன்னத்தின் வெளுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் பொட்டு கன்னத்தில் உட்கார்ந்தது. அந்த இடத்தில் குழந்தை ஏறக்குறைய அதன் சொந்த நிறத்துக்கு வந்திருந்தது.

"ஆங், இப்பத்தான் எம்பிள்ள" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இத்தன கறுப்பு வேணாம். ஒரு துளி ஏத்து" என்றார். அந்த ஒரு துளி எவ்வளவு என்று முடிவுசெய்ய எங்கள் இருவருக்கும் அரைமணி நேரம் பிடித்தது. அதற்குக் கூலி இல்லை.

அந்த அரைமணி நேரத்தில்தான் நான் செய்துவந்த வேலை என்னவென்று எனக்குப் புரியத் தொடங்கியது. குழந்தையின் படத்தில் நிறத்தையும் மென்மையையும் தேர்வதை ரசனை சார்ந்த சின்ன விஷயமாகவே நாம் நினைக்கிறோம். எந்தக் குழந்தை கொஞ்சப்பட வேண்டியது, எது இரங்கப்பட வேண்டியது, எது திருத்தப்பட வேண்டியது என்ற தீர்ப்பும் அந்தத் தேர்வுக்குள் இருக்கிறது.

காலண்டர் குழந்தை

என் கை அந்தப் பழக்கத்தை எங்கே கற்றது என்று தேட நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் இடையே ஊர் முடிவதும் ஊர் தொடங்குவதும் தெரியாது. 1920களில் இங்கே தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. கல்லச்சில் தொடங்கி ஆஃப்செட்டுக்கு வளர்ந்து, கடைசியில் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களை அலங்கரிக்கும் காலண்டர்களின் ஊராக இது ஆனது.

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை இங்கே வெளியிடுவார்கள். அந்த ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தால் வகைகள் மாறுவதே இல்லை: சாமி படம், தலைவர்கள், இயற்கைக் காட்சி, குழந்தை. சாமிக்கும் தலைவருக்கும் பெயர் உண்டு. குழந்தைக்குப் பெயர் கிடையாது. கொழுத்த கன்னம், பால் நிறம், பூனைக்கண், ரோஜா நிறத்தில் உதடு. முகத்தில் எங்கேயும் நிழல் விழாது. எந்த ஊர்க் குழந்தை, யார் பெற்றது என்ற கேள்வி அந்தப் படத்தின் முன் எழுவதில்லை.

இந்த முகத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் போயின. அவரும் அவருடைய மாணவர்களும் அமைத்த அந்த முகத்தின் உருட்சியும் மழமழப்பும் நம் பூஜையறைகளின் கண்பழக்கமாகிவிட்டன. அந்த மரபின் குறை என்று இதைச் சொல்லவில்லை. தெய்வத்துக்கு நிழல் விழாது என்பது ஓவிய மரபில் பொருளுள்ள முடிவு. கண்ணன் என்ற பெயருக்கே கறுப்பன் என்று பொருள். அவனையும் வெளிர் நீலமாக்கித்தான் நாம் கொஞ்சினோம். சிக்கல், தெய்வத்துக்கு ஏற்பட்ட இலக்கணத்தை மனிதக் குழந்தையின் புகைப்படத்துக்கும் நீட்டியபோது வந்தது. நிழலில்லாத முகமே குழந்தை முகம் என்றானது.

கர்ப்பிணியின் கட்டிலுக்கு எதிரே இந்தக் காலண்டர் குழந்தையை மாட்டுகிற வழக்கம் நமக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படியே பிறக்கும் என்பார்கள். பாலில் குங்குமப்பூ கலந்து குடிப்பதும் இதே கணக்குத்தான். பிள்ளை பிறந்து துணியை விலக்கியதும் அறையில் கேட்கும் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பது. இரண்டாவது கேள்வி நிறம். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவளாகத் தாய் படுத்திருக்கிறாள். காலண்டரை அவள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று குற்றம் சாட்டவும் அந்த அறையில் ஆள் இருக்கும்.

அந்தக் காலண்டருக்குத் தகரம் அடிப்பதும் தாள் அடுக்குவதும் பெரும்பாலும் பெண்களே. ஒரே பால்நிறக் குழந்தையை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கையில் எடுத்து அடுக்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்குகிற பெண்ணின் கண்ணுக்குள் எந்த அளவுகோல் ஏறியிருக்கும்? அந்த அளவுகோலைத்தான் அந்த அம்மா என்னிடம் 'வெளுப்பா, நைசா' என்ற இரண்டு சொற்களில் சொன்னார்.

அதே ஊரின் இன்னொரு குழந்தை

திருத்தங்கலின் மிகப் பழைய குழந்தைச் சித்திரம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கட்டுரைகாதையில் வரும் கதை. சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பராசரன் தங்காலில் இளைப்பாறுகிறான். அங்கே விளையாடும் சிறுவர்களில் வார்த்திகனின் மகன், நா குழற, பிழையில்லாமல் மறை ஓதுகிறான். பராசரன் அணிகலன்களை எடுத்துக் குழந்தைக்குப் போடுகிறான். ஊர் பொறாமைப்படுகிறது. எடுத்த புதையல் என்று காவலர் வார்த்திகனைச் சிறையில் அடைக்கிறார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் விழுந்து அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் தவறறிந்து விடுவிக்கிறான்.

இந்தக் கதையில் இரண்டு செய்திகளை நான் எடுத்துக்கொள்கிறேன். இளங்கோ அந்தக் குழந்தையை அதன் மழலையால் காட்டினார். நிறத்தைத் தேடிப் போகவில்லை. இன்னொன்று, எளியவர் வீட்டுக் குழந்தை மேல் ஏறிய பளபளப்பை ஊர் நம்பாது என்பதும், அதற்கான விலையில் பங்கு தாயின் தலையில் விழும் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது.

நம் காலத்துக்கு வந்தால், காலண்டர் குழந்தை அச்சான அதே ஊர்களிலிருந்து இன்னொரு குழந்தையின் படமும் உலகத்துக்குப் போனது. தீப்பெட்டிக் கட்டைகளில் குச்சி அடுக்கும் குழந்தை. சலம் பென்னூர்கர் 1990 இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இந்தப் பகுதியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் படங்களும் எழுத்துகளும் வழக்குகளும் இல்லாமல் நிலைமை மாறியிருக்காது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அறிக்கைகளின் அட்டையிலும் நிதி கேட்கும் துண்டறிக்கைகளிலும் குழந்தைத் தொழிலாளி எப்படித் தோன்றினாள் என்று ஒரு படம் திருத்துபவளாகப் பாருங்கள். கறுப்பு வெள்ளை. நிழல் அடர்த்தி கூட்டியது. தோலின் சொரசொரப்பு, நகக்கண் அழுக்கு, உதட்டு வெடிப்பு எல்லாம் கூர்மையாக்கியது. கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சப் புள்ளி. லைட்ரூம் மென்பொருளில் கிளாரிட்டி என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. இடப்பக்கம் இழுத்தால் முகம் பஞ்சாகும். வலப்பக்கம் இழுத்தால் கரடாகும். காலண்டர் குழந்தையை இடப்பக்கம் இழுத்தோம், தொழிலாளிக் குழந்தையை வலப்பக்கம் இழுத்தோம். ஒன்றை விற்பதற்கு மென்மை, மற்றொன்றுக்கு இரக்கம் திரட்டுவதற்குக் கரடு. நடுவில் விட்டிருந்தால், வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டுத் தம்பியோடு சண்டை போடும் ஒரு பிள்ளையைப் பார்த்திருப்போம்.

அமெரிக்காவில் 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் இதில் கவனிக்கத்தக்கவர். குழந்தையின் உயரத்தைத் தன் கோட்டின் பித்தான்களை வைத்து அளந்துகொள்வாராம். பெயர், வயது, வேலை, கூலி எனக் கிடைத்ததையெல்லாம் குறித்துக்கொண்டார். அவர் படங்களில் பல குழந்தைகள் கேமராவை நேராகப் பார்த்து நிற்கின்றன. ஒளியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதற்கு முன்னால், எதிரே நிற்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட வேலை அது.

கருவிக்கு யார் முகம் பழக்கம்

இதெல்லாம் சமூகத்தின் பார்வை, கருவி என்ன செய்யும் என்று கேட்கலாம். கருவியும் சமூகத்தில் பிறந்ததுதான்.

ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவ் மேலேயே கூர்மையான பென்சிலால் திருத்துவார்கள். நெகட்டிவில் கறுப்பாக்கிய இடம் அச்சில் வெளுப்பாகும். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், மூக்கோரத்தில் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து நிழலை நிரப்புவது ஒரு தேர்ந்த கைத்தொழில். வெளுப்பாக்குவது என்பது அன்றே தொழிலின் பாடத்திட்டத்தில் இருந்தது.

கலர் ஃபிலிம் வந்தபோது கோடக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. வெள்ளை நிறப் பெண் ஒருத்தியின் படம். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கறுத்த தோல் அந்த அளவில் விவரமில்லாமல் இருண்டு போனது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009 இல் எழுதிய கட்டுரையில் இந்த வரலாறு இருக்கிறது. கறுப்பின மக்களின் குறை கேட்டு ஃபிலிம் மாறவில்லை. சாக்லேட்டின் அடர்நிற வேறுபாடு தெரியவில்லை, மரச்சாமானின் நிறம் வரவில்லை என்று அவற்றை விற்கிற நிறுவனங்கள் முறையிட்டதும் மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று கோடக்கில் இருந்தவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் கன்னத்தைவிட மேசையின் நிறத்துக்கு மரியாதை இருந்தது.

கறுத்த முகத்தைத் திருத்துவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். வெளிர் தோலில் முகத்தின் அமைப்பை நிழல் காட்டும். கறுத்த தோலில் அதைக் காட்டுவது ஒளி. நெற்றியில், மூக்கு நுனியில், கன்னத்து மேட்டில் விழும் பளபளப்புத்தான் அந்த முகத்தின் வடிவம். எண்ணெய் வழிகிறது என்று அதைத் துடைத்தால் முகம் தட்டையாகிவிடும். வெளுப்பை மட்டும் ஏற்றினால் தோலுக்குள் இருக்கும் சிவப்பும் மஞ்சளும் செத்துச் சாம்பல் பூக்கும். சாம்பலை மறைக்க ரோஜா நிறம் ஏற்ற வேண்டும். அதோடு அது வேறொரு குழந்தை. மொட்டைத் தலைச் சந்தனத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். முகத்தோடு சேர்ந்து சந்தனமும் வெளுத்து வெண்ணெய் போலாகியிருந்தால், எல்லை தாண்டிவிட்டோம்.

படமெடுக்கும் முன் பிள்ளைக்குப் பவுடர் அப்பிக் கொண்டுவருவதும் இந்தச் சாம்பலைத்தான் கூட்டும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாத இடத்தில் உட்காரவைத்தால் போதும். ஒளி மென்மையாக இருந்தால் தோலை மென்மையாக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

மென்மைக்கு ஒரு பெண் வரலாறு

மென்மையே தவறு என்று நான் சொல்லவில்லை. புகைப்படத்தில் மென்மையைத் தன் மொழியாக எடுத்தவர்களில் முக்கியமான ஒருவர் பெண். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1863 இல், 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில்தான் படமெடுக்கத் தொடங்கினார். அடுத்த ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படத்தை 'என் முதல் வெற்றி' என்று குறித்துவைத்தார். ஃபோகஸ் சரியில்லை, கைத்திறன் போதாது என்று விமர்சகர்கள் பரிகசித்தார்கள். பெண்ணின் தேர்வைப் பெண்ணின் திறமைக் குறைவாக வாசிக்கும் பழக்கம் புதிதல்ல. ஆனால் ஆனியின் படத்தைப் பாருங்கள். தலைமுடி கலைந்திருக்கிறது. கோட்டின் பித்தான் கனமாகத் தெரிகிறது. முகத்தில் நிழல் இருக்கிறது. மென்மை, பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. குழந்தையைத் துடைத்து எடுத்ததல்ல.

அதே கேமரன் 1875 இல் இலங்கைக்குப் போனார். 1879 இல் அங்கேயே இறந்தார். களுத்துறையில் தோட்டத்து மக்களையும் ஊர் மக்களையும் எடுத்த சில படங்கள் எஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்துச் சிறுமி 'ஆனி'. இங்கே இருப்பவர்கள் 'களுத்துறைக் குடியானவர்கள்'. ஒளி அதே பரிவோடு விழுந்திருக்கலாம். பெயர் சொல்லும் பரிவு கடலைத் தாண்டி வரவில்லை.

அதே 19ஆம் நூற்றாண்டில் மேற்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு படம் பதிய நீண்ட நேரம் பிடித்த காலம் அது. குழந்தை அசையாமலிருக்கத் தாயைத் துணியால் மூடி நாற்காலி போல உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்கள். பிறகு ஓரத்தை வெட்டிவிடுவார்கள் அல்லது சுரண்டிவிடுவார்கள். இத்தகைய படங்களை லிண்டா ஃபிரெக்னி நாக்லர் திரட்டி 2013 இல் 'மறைந்திருக்கும் தாய்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக்கினார். துணிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே தெரியும் படங்கள் அதில் உண்டு.

அந்தப் படங்களைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்குக் காதுகுத்துப் படத்தின் கை நினைவுக்கு வந்தது. சாயம் ஏறிய அந்தக் கையை ஐந்து நிமிடத்தில் எடுத்திருந்தேன். மாமனின் மடி வேட்டியை நகலெடுத்து அந்த இடத்தை நிரப்பியிருந்தேன்.

பெண் குழந்தைக்கு மட்டும்

நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஆண் குழந்தையின் படத்தை வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. "ஆம்பளப் பய, கறுப்பா இருந்தா என்ன" என்பார்கள். ஆணுக்கு ஒரே ஒரு முறை மென்மை அனுமதிக்கப்படும். முதல் மொட்டைக்கு முன், முடியைச் சடையாக்கிப் பூ வைத்துப் பாவாடை கட்டி ஒரு படம் எடுப்பார்கள். நம் வீடுகளில் பலவற்றில் அண்ணன் தம்பிகளுக்கு அப்படி ஒரு படம் இருக்கும். வளர்ந்த பிறகு காட்டிச் சிரிப்பதற்கானது.

பெண் குழந்தைக்கு மென்மை விளையாட்டோடு முடிவதில்லை. காதுகுத்துப் படத்தில் தொடங்கும் வெளுப்பு, பள்ளி ஆண்டு விழாப் படம் வழியாக வளர்ந்து, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸில் வந்து நிற்கும். அந்த ஃபிளெக்ஸ்களையும் நான் வடிவமைத்திருக்கிறேன். உதட்டைச் சிவப்பாக்கச் சொல்வார்கள். இமையை நீட்டச் சொல்வார்கள். இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளச் சொன்னவர்களும் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளை மணமகளாகித் தெருமுனையில் பத்தடி உயரத்தில் நிற்பாள். குழந்தையின் தோலுக்கும் மணமகளின் தோலுக்கும் நான் பயன்படுத்திய பிரஷ் ஒன்றுதான், அளவு மட்டும் வேறு. இதை எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை, படத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் தாய்மாரைக் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. நான் அதற்கு உடன்படவில்லை. 1975 இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுக்க 2020 வரை ஆயிற்று. கறுப்பும் அழகே என்று சென்னையில் ஓர் அமைப்பு 2009 இல் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்கள் அரை நூற்றாண்டு உழைத்து உண்டாக்கிய சந்தையில், சரம் பின்னும் ஒரு பெண் தன் மகளுக்காக ஒரு துளி வெளுப்பு கேட்கிறாள். கறுப்பு என்றால் வெயில், கூலி வேலை, சாதி, கூடுதல் நகை என்று அந்தப் பெண்ணுக்கு அனுபவத்தால் தெரியும். அந்த ஒரு துளியில் இருப்பது அழகுணர்ச்சியைவிட அச்சமே. திருஷ்டிப் பொட்டு வைத்ததும் அச்சத்தால்தான். ஒரே கன்னத்தில் இரண்டு அச்சம்: பிள்ளை அழகாக இருக்கிறது என்று கண் பட்டுவிடுமோ என்று ஒன்று, அழகாக இல்லை என்று உலகம் தள்ளிவிடுமோ என்று மற்றொன்று. பொட்டு பாட்டி கொடுத்தது. வெளுப்பு கடை கொடுத்தது. எதை விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது நான் செய்வது

பிறகு அந்த வேலையிலிருந்து வெளியே வந்து, வீட்டிலிருந்தே சின்ன அளவில் செய்கிறேன். சில முறைகளை வைத்திருக்கிறேன். ஒளியைத் திருத்தலாம், ஆளைத் திருத்தக் கூடாது. ஆறிவிடும் கொசுக்கடியை எடுக்கலாம். மச்சம், தழும்பு, மைப்பொட்டு இருக்கட்டும். நம் பள்ளிச் சான்றிதழ்களில் அங்க மச்ச அடையாளம் என்று இரண்டு குறிக்கச் சொல்கிறார்கள். அரசாங்கம் ஒரு பிள்ளையை எதைக் கொண்டு அடையாளம் காண்கிறதோ அதையே நாம் அழகின் பெயரால் அழித்துக்கொண்டிருந்தோம். மூலப் படத்தின் மேல் எழுதிச் சேமிப்பதில்லை. பேசத் தெரிந்த குழந்தையானால், படத்தை அதனிடம் காட்டிக் கேட்கிறேன். "என் கீறல எதுக்கு எடுத்தீங்க, அது நான் சைக்கிள்ல விழுந்தது" என்று ஒரு பையன் கோபித்துக்கொண்டான். அவன் சொன்னதே சரி. அந்தக் கீறல் அவன் சம்பாதித்தது.

இப்போது இந்த வேலையின் பெரும்பகுதி ஃபோனுக்குப் போய்விட்டது. கேமராவைத் திறந்த உடனே, யாரும் கேட்காமலே, அது பிள்ளையின் முகத்தை மழுப்பித் தருகிறது. முன்பு இருபது நிமிடம் செலவழித்துச் செய்த தீர்ப்பு இப்போது நொடியில் முடிகிறது. அரைமணி நேரம் பேரம் பேச எதிரே ஆள் இல்லை. பொட்டு எங்கே என்று யாரிடம் கேட்பது? அமைப்புகளுக்குள் போய் அந்தப் பொத்தானை அணைத்து வையுங்கள் என்பதைத்தான் இளம் தாய்மாரிடமும் மாணவியரிடமும் நான் முதலில் சொல்வது. அணைத்துவிட்டு எடுத்த படத்தையும் அணைக்காமல் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதைக் காணோம் என்று பட்டியல் போடுங்கள்.

அந்த அம்மாவின் தொழிலுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. தடைக்குக் காற்றின் தரப்பில் வலுவான நியாயம் உண்டு. தலைமுறையாகச் சரம் பின்னிய பெண்களின் விரல்களுக்கு அந்தத் தீர்ப்பில் மாற்று எதுவும் சொல்லப்படவில்லை. சாயமேறிய அந்தக் கை ஒரு தொழிலின் ஆவணமாகவும் இருந்திருக்கிறது. அழுக்கு என்று அவரே நினைத்தார், நானும் நினைத்தேன்.

நல்லவேளையாக அன்று ஒரு காரியம் செய்திருந்தேன். அந்த அரைமணி நேரம் முடிந்து பெரிய படத்தை அச்சுக்கு அனுப்பும்போது, மூலப் படத்தையும் வெட்டாமல், கையோடு, சின்ன அளவில் ஒன்று போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்தேன். ஏன் செய்தேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. பொட்டை அழித்த குற்ற உணர்வாக இருக்கலாம். அவர் கவரைப் பிரித்து அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இதுக்கும் காசா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.